வன்னிக்குக் குடிவந்தவர்களுக்கு: பிரதேச சபைத் தேர்தலில் உங்கள் வாக்கு எந்த ஊரில் இருக்கிறது?

2025 மே 6ஆம் திகதி, பின்னேரம் இரண்டரை மணியிருக்கும். தர்மபுரத்தில் வீட்டுக்குக் கிட்ட உள்ள பள்ளிக்கூடத்துக்கு நானும் மனுசியும் வாக்குப் போடப் போனோம். கையில் அடையாள அட்டை இருந்தது. வரிசையும் பெரிதாக இல்லை. பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்த உத்தியோகத்தர், "உங்கட பேர் இஞ்ச இல்லை ஐயா. பழைய இடத்திலதான் கிடக்கும்" என்றார். பழைய இடம் கரவெட்டி. பரந்தனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொடிகாமத்துக்கு ஒன்று, பிறகு நெல்லியடிக்கு இன்னொன்று. வாக்கெடுப்பு நாலு மணிக்கு முடிகிறது. வீட்டுக்குத் திரும்பி வந்து தேத்தண்ணி குடித்தோம்.

2018 பெப்ரவரிக்குப் பிறகு ஏழு வருடம் கழித்து வந்த உள்ளூராட்சித் தேர்தல் அது. வீட்டுக்கு முன்னால் போகிற கிறவல் ஒழுங்கையைப் பற்றி யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லக் கிடைத்த ஒரே நாளை அப்படிக் கோட்டை விட்டோம். அதற்குப் பிறகு பெயரை இங்கே மாற்றிக்கொள்ள மாதக் கணக்கில் அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்தவர்கள், கலியாணம் முடித்து வந்தவர்கள், இந்திய அகதி முகாம்களிலிருந்து திரும்பியவர்கள், வேலைக்காக வந்து வாடகைக்கு இருப்பவர்கள், எல்லாருக்கும் இது பொருந்தும்.

1. உங்கள் சபை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றல்ல. வந்த புதிதில் நானும் இரண்டையும் போட்டுக் குழப்பினேன். பிரதேச செயலகம் அரசாங்கத்தின் கந்தோர். பிரதேச செயலாளரை நாங்கள் தெரிவுசெய்வதில்லை. காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், வதிவிடச் சான்று, நிவாரணம் எல்லாம் அங்கேதான். பிரதேச சபை நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிற உறுப்பினர்களின் சபை. தெருவிளக்கு, உள்வீதி, வடிகால், குப்பை, சந்தை, நூலகம், மயானம், கட்டட அனுமதி ஆகியவை அதன் பொறுப்பு.

வன்னியில் இந்த இரண்டின் எல்லைகளும் பல இடங்களில் ஒத்துவராது. கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நாலு பிரதேச செயலகங்கள். சபைகளோ மூன்றுதான். கண்டாவளை என்ற பெயரில் சபை கிடையாது. அந்தப் பகுதி கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது. தர்மபுரத்தில் இருக்கிற நான் காணி அலுவலுக்குக் கண்டாவளைச் செயலகத்துக்கும், தெருவிளக்குக்குக் கிளிநொச்சியிலுள்ள கரைச்சிச் சபைக்கும் போகவேண்டும். கிளிநொச்சி டவுனுக்குக்கூடத் தனியாக நகர சபை இல்லை, அதுவும் கரைச்சிதான்.

முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என நாலு சபைகள். ஒட்டுசுட்டானில் செயலகம் உண்டு, அந்தப் பெயரில் சபை இல்லை. வவுனியா நகரம் இப்போது மாநகர சபை. அதைச் சுற்றி வவுனியா தெற்குத் தமிழ்ப் பிரதேச சபை, வவுனியா தெற்குச் சிங்களப் பிரதேச சபை என்று பெயரில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு இருக்கின்றன. வடக்கே நெடுங்கேணிப் பக்கம் வவுனியா வடக்கு, மேற்கே வெங்கலச்செட்டிக்குளம். மன்னாரில் நகர சபையோடு மன்னார், மாந்தை மேற்கு, நானாட்டான், முசலிப் பிரதேச சபைகள்.

விதானையாரிடம், அதாவது உங்கள் கிராம அலுவலரிடம், இரண்டு கேள்வி கேளுங்கள்: "எங்கட வளவு எந்தச் சபை? எந்த வட்டாரம்?" வட்டாரம் என்பது உறுப்பினரைத் தெரிவுசெய்யச் சபையைப் பிரித்த பகுதி. ஒரு வட்டாரத்துக்குள் பல கிராம அலுவலர் பிரிவுகள் வரலாம், ஆகவே பிரிவின் இலக்கத்தை வட்டார இலக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இதோடு ஒரு சின்ன வேடிக்கை. பாராளுமன்றத் தேர்தலில் "வன்னித் தேர்தல் மாவட்டம்" என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும்தான். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்கிறது. உள்ளூராட்சித் தேர்தலுக்கு அந்தக் கணக்கு உதவாது. சபையையும் வட்டாரத்தையும் மட்டும் பாருங்கள்.

2. உங்கள் பெயர் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து, எந்த மாவட்டத்தில், எந்தப் பிரிவில் பதிந்திருக்கிறீர்கள் என்று பார்க்கலாம். காசு இல்லை. போனிலேயே பார்க்கலாம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். ஒன்றைக் கொடுத்து வராவிட்டால் பதறாமல் மற்றதையும் கொடுத்துப் பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவர்கள் விதானையாரிடமுள்ள இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில், பார்க்கலாம்.

பெயர் பழைய ஊரில் இருந்தால் அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, நீங்கள் இங்கே பதியவே இல்லை. மற்றது, அங்கே யாரோ உங்களை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது அம்மா. நாங்கள் வன்னிக்கு வந்த பிறகும், பிள்ளையின் பெயரை வெட்ட மனமில்லாமல், படிவம் வரும்போதெல்லாம் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறா. பாசம்தான், ஆனால் இரண்டு இடத்தில் பெயர் இருக்கக்கூடாது என்பது சட்டம். இங்கே பதிய முன்னர் அங்கே உள்ளவர்களோடு கதைத்து, இனி எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

3. பெப்ரவரி 1: இந்தத் திகதியை மறக்கவேண்டாம்

பதிவுக்கான சட்டம் 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம். முன்பு யூன் 1 என்று இருந்த தகுதித் திகதி இப்போது பெப்ரவரி 1. அந்தத் திகதியில் நீங்கள் வழமையாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேதான் அந்த வருட இடாப்பில் உங்கள் பெயர் வரவேண்டும். இந்த வருடம் மார்ச்சில் குடிமாறினால், இந்த வருடத்து இடாப்பில் பழைய முகவரிதான்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல், நான் விழுந்த குழி இதுதான். தேர்தல் நடக்கிற வருடத்து இடாப்பே பாவனைக்கு வரும் என்று இல்லை. 2025 மேயில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு 2024ஆம் ஆண்டின் இடாப்பைத்தான் பாவித்தார்கள். நான் 2024 ஏப்ரலில் வந்தவன். தேர்தல் நேரம் வன்னியில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன், இடாப்பின் கணக்கிலோ நான் இன்னும் கரவெட்டி ஆள்.

ஆகவே தேர்தல் அறிவித்த பிறகு ஓடித் திரிந்து பயன் இல்லை. வேட்புமனு, போஸ்டர், ஒலிபெருக்கி எல்லாம் வரும்போது இடாப்பு மூடியாகிவிட்டது. வருடம் பிறந்ததும் தைப்பொங்கல் வேலையோடு வேலையாக விதானையாரை ஒருக்காச் சந்தித்துவிடுங்கள்.

புதிதாகப் பதினெட்டு வயது ஆகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பெப்ரவரி 1இல் வயது வராமல், வருடத்துக்குள் பதினெட்டு நிரம்புகிற பிள்ளைகளுக்குக் குறைநிரப்பு இடாப்பு ஒன்று இருக்கிறது. அதற்கும் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், தானாக வராது.

4. விதானையாரிடம் போகும்போது

கணக்கெடுப்புக் காலத்தில் வீட்டுக்கு வருகிற படிவத்தைப் பீ.சீ. படிவம் என்பார்கள். வீட்டின் பிரதான குடியிருப்பாளர் அதை நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். எல்லா வீட்டுக்கும் தேடி வந்து தருவார்கள் என்று காத்திருக்கவேண்டாம். ஏற்கெனவே இடாப்பிலுள்ள வீடுகளைத்தான் முதலில் பார்ப்பார்கள், புதிதாக வந்த ஆள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நீங்களாகப் போய்க் கேட்டு வாங்குங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளம் ஊடாகவும் விண்ணப்பிக்கலாம். அப்படிச் செய்தாலும் நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்களா என்று விதானையாரைத்தான் கேட்பார்கள்.

நான் கொண்டுபோனவை இவை. வீட்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரின் அடையாள அட்டையும், இரண்டு பக்கமும் எடுத்த போட்டோக்கொப்பியும். கலியாணப் பதிவுச் சான்றிதழின் கொப்பி, ஏனென்றால் மனுசியின் அட்டையில் இன்னும் தகப்பன் பெயர்தான். வாடகை ஒப்பந்தமும் மின்சார பில்லும். பழைய முகவரி, பழைய கிராம அலுவலர் பிரிவின் பெயரும் இலக்கமும், பழைய இடாப்பில் எங்கள் தொடரிலக்கமும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் கொண்டுபோவதில்லை. அது இருந்தால் பழைய இடத்தில் வெட்டி இங்கே சேர்ப்பது சுலபம். இல்லாவிட்டால் "எடுத்துக்கொண்டு அடுத்த கிழமை வாங்கோ" என்று வரும்.

போகிற நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். விதானையார் எல்லா நாளும் கந்தோரில் இருப்பதில்லை, வெளிக்கள வேலையும் செயலகக் கூட்டமும் இருக்கும். எந்த நாள் கந்தோர் நாள் என்று கதவில் எழுதி ஒட்டியிருப்பார்கள். நான் அதைப் பார்க்காமல் இரண்டு தடவை மூடிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் அரைநாள் சம்பளம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வில்லங்கம். வீட்டுக்காரர் வேறு இடத்தில் இருந்துகொண்டு, அந்த வீட்டிலக்கத்துக்குத் தன் குடும்பத்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருப்பார். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. "வேற ஆக்களை எழுதினால் பிறகு வீட்டுக்கு உரிமை கேட்பினம்" என்று அவருக்குப் பயம். வாக்காளராகப் பதிவதால் வீட்டிலோ காணியிலோ எந்த உரிமையும் வராது. அதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு மாதம் பிடித்தது. விதானையார் ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் ஓம் என்றார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும், வன்னியில் பலரைத் தடுப்பது அதுதான். காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, அனுமதிப்பத்திரம் இல்லை, அரச காணியில் கொட்டில் போட்டு இருக்கிறோம், ஆகவே பதியமுடியாது என்று நினைக்கிறார்கள். பதிவுக்குக் கேட்பது நீங்கள் அங்கே வழமையாகக் குடியிருக்கிறீர்களா என்பது. காணி யாருடையது என்பது வேறு கதை. உறுதி இல்லை என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு நேரே போங்கள்.

செலவு? பதிவுக்கு ஒரு சதமும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். பஸ்ஸுக்கும் போட்டோக்கொப்பிக்கும் இழந்த சம்பளத்துக்கும் எனக்கு எல்லாமாகச் சேர்ந்து நாலாயிரம் ரூபாய்க்குக் கிட்டப் போனது. ஒழுங்காகப் போயிருந்தால் ஐந்நூறோடு முடிந்திருக்கும்.

கொடுத்ததற்கு அத்தாட்சி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பிய படிவத்தைக் கொடுக்க முன்னர் போனில் படம் எடுத்து, திகதியைக் குறித்து வைத்தால் போதும்.

5. பட்டியல் ஒட்டுகிற நேரம் கட்டாயம் போய்ப் பாருங்கள்

படிவம் கொடுத்தால் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அது இரண்டாவது பிழை.

கணக்கெடுப்பு முடிந்த பிறகு, புதிதாகச் சேர்க்க இருப்பவர்களின் பட்டியலையும் நீக்க இருப்பவர்களின் பட்டியலையும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். விதானையாரின் கந்தோர், பிரதேச செயலகம், மாவட்டத் தேர்தல் அலுவலகம் ஆகிய இடங்களில் பார்க்கலாம். உங்கள் பெயர் சேர்க்கும் பட்டியலில் இருக்கவேண்டும். இல்லையென்றால் அறிவித்தலில் போட்டிருக்கிற கடைசித் திகதிக்குள் உரிமைக் கோரிக்கை எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தத் திகதி போனால் அடுத்த வருடம்தான்.

எங்கள் கதையில் மனுசியின் பெயர் வந்திருந்தது, என் பெயர் வரவில்லை. அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எண் மாறி எழுதப்பட்டிருந்தது. எழுதியது நானா, பதிந்தவரா என்று இனிப் பார்த்து என்ன? கோரிக்கை கொடுத்து, விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் அட்டையைக் காட்டினேன். பத்து நிமிட வேலை. பட்டியலைப் பார்க்காமல் விட்டிருந்தால் இன்னொரு வருடம் போயிருக்கும்.

நீக்கும் பட்டியலையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள், கொழும்பில் கடையில் நிற்கிற பெடியள் ஆகியோரின் பெயர்கள் அதில் விழுவதுண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் வீட்டாருக்குச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும்: வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தத் தேர்தலில் வாக்குப் போட வழி இல்லை. பெயர் இருந்தாலும் அன்றைக்கு ஊரில் நிற்கவேண்டும்.

6. அடையாள அட்டை இல்லாதவர்கள், இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள்

இடாப்பில் பெயர் இருந்தும் அட்டை இல்லாமல் திரும்பிப் போகிறவர்கள் வன்னியில் குறைவில்லை. இடம்பெயர்வில் பெட்டியோடு போன பத்திரங்களுக்கு இன்றைக்கும் ஈடு எடுக்காதவர்கள் இருக்கிறார்கள்.

வாக்குச் சாவடியில் தேசிய அடையாள அட்டையோடு, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, ஆட்பதிவுத் திணைக்களம் மதகுருமாருக்குக் கொடுக்கிற அட்டை ஆகியவற்றையும் ஏற்பார்கள். இவை ஒன்றும் இல்லாதவர்களுக்குத் தேர்தல் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை தரும். விதானையார் ஊடாகப் புகைப்படத்தோடு விண்ணப்பிக்கவேண்டும். அதற்கும் தேர்தலுக்கு முன்னரே ஒரு கடைசித் திகதி உண்டு, முதல் நாள் பின்னேரம் போய் நிற்கக்கூடாது.

தேசிய அட்டைக்குப் பதினைந்து வயதிலிருந்து விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே அதிபர் ஊடாக எடுத்துவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை. படம் எடுப்பது ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்ரூடியோவில்தான் இருக்கவேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை கலியாண வீட்டுப் படக்காரரிடம் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. உள்ளே போக முன்னர் "ஐ.சி. படத்துக்குப் பதிவு இருக்கா?" என்று கேளுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லை, புத்தகமும் அழிந்துபோனது என்றால் காலங்கடந்த பிறப்புப் பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ். இது மாதக் கணக்கு வேலை. தேர்தலுக்காக மட்டும் என்று நினைக்காமல் இன்றைக்கே தொடங்குங்கள், பென்சன், வங்கி, காணி எல்லாவற்றுக்கும் கேட்பார்கள்.

இந்திய முகாம்களிலிருந்து திரும்பியவர்களில், இலங்கையில் பிறந்த தாய் தகப்பனுக்குப் பத்திரங்களைத் திரும்ப எடுப்பது மட்டும்தான் வேலை. அங்கே பிறந்த பிள்ளைகளின் கதை வேறு. தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழை நீட்டினால் அடையாள அட்டை தரமாட்டார்கள். வம்சாவளிப் பிரசைகளாக அந்தப் பிறப்பைப் பதிந்திருக்கவேண்டும். வர முன்னரே சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பதிந்தவர்களுக்கு வேலை குறைவு. பதியாமல் வந்தவர்கள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரசாவுரிமைப் பிரிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும், பெற்றோரின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் கேட்கப்படும். பிரசாவுரிமை, பிறகு அடையாள அட்டை, பிறகு இடாப்பு என்று வரிசையாகத்தான் போகலாம். இடையில் ஒன்றைத் தாண்டப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். எங்கள் பக்கத்து வளவில் மண்டபம் முகாமிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. மூத்த மகனுக்கு இருபத்திரண்டு வயது, இன்னும் இரண்டாவது படியில் நிற்கிறான்.

7. தேர்தல் அறிவித்த பிறகு

அரச உத்தியோகத்தர்கள்: யாழ்ப்பாணத்தில் பதிவு, வேலை முல்லைத்தீவில் என்று இருக்கிற ஆசிரியர்களும் தாதியரும் தபால்மூல வாக்குக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் காலம் குறுகியது. பத்திரிகை அறிவித்தல் வந்தவுடன் உங்கள் திணைக்களத்தில் கேளுங்கள். கடையிலும் கொம்பனியிலும் வேலை செய்கிறவர்களுக்குத் தபால் வாக்கு இல்லை.

அவர்களுக்கு இருப்பது லீவு. தேர்தல் ஆணைக்குழு சொல்கிற அளவு இது: வாக்குச் சாவடி நாற்பது கிலோமீற்றர் அல்லது அதற்குக் குறைவு என்றால் அரைநாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். சம்பளம் வெட்டக்கூடாது, வேறு லீவில் கழிக்கவும் கூடாது. லீவை எழுத்தில் கேட்கவேண்டும். நான் வேலை செய்கிற ஹார்ட்வெயார் கடையில் இதை அச்சிட்டுக் காட்டிய பிறகுதான் முதலாளிக்கே தெரிந்தது. தெரியாமல் விட்டவரைக் குறை சொல்லவும் ஏலாது, நானும் அதுவரை கேட்டதில்லையே.

வாக்காளர் அட்டை தபாலில் வரும். அதில் உங்கள் வாக்குச் சாவடியும் தொடரிலக்கமும் இருக்கும். வரவில்லையென்றால் உங்கள் பகுதித் தபால் கந்தோருக்கு அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள், வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பியிருக்கலாம். அட்டை கிடைக்காமலே போனாலும் வாக்குப் போடலாம். இடாப்பில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் போதும். "அட்டை வரேல்லை, போட ஏலாது" என்று வீட்டில் இருந்துவிடுகிற கிழவிமாருக்கு இதைச் சொல்லுங்கள்.

கண் தெரியாதவர்கள், கை கால் இழந்தவர்கள் உதவியாளர் ஒருவரைக் கூட்டிப் போகலாம். அதற்கான தகைமைச் சான்றிதழில் விதானையாரும் வைத்தியரும் முன்கூட்டியே கையெழுத்திடவேண்டும். எங்கள் பக்கத்தில் இது தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் படிவம் எடுத்து வைத்திருப்பவர்கள் குறைவு.

8. வாக்குச் சாவடியில்

வெள்ளனப் போங்கள். 2025இல் காலை ஏழு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிந்தது. பெயர் வேறு சாவடியில் இருந்தால்கூட வெள்ளனப் போனவருக்கு அங்கே போக நேரம் இருக்கும். இரண்டரை மணிக்குப் போனால் என்னைப்போல் தேத்தண்ணிதான்.

போனைக் கொண்டு உள்ளே போகவேண்டாம், படம் எடுப்பது குற்றம். கட்சிக்காரரின் வாகனத்தில் ஏறவும் வேண்டாம், வாக்காளரை அப்படி ஏற்றிப் போவது குற்றம். ஏற்றிக்கொண்டு போனவரின் முகத்துக்காகப் புள்ளடி (X அடையாளம்) போடவேண்டிய மனச்சங்கடமும் மிச்சம்.

வாக்குச் சீட்டில் ஒரேயொரு புள்ளடி. கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் பெயருக்கும் சின்னத்துக்கும் நேரே. பாராளுமன்றத் தேர்தல்போல் விருப்பு இலக்கம் இல்லை, ஜனாதிபதித் தேர்தல்போல் 1, 2, 3 இல்லை. பழைய பழக்கத்தில் இரண்டு இடத்தில் கை வைத்தால் வாக்கு நிராகரிக்கப்படும்.

அந்த ஒரு புள்ளடி இரண்டு வேலை செய்கிறது. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களில் நேரடியாக வெல்பவர்கள். மிச்சம் 40 வீதம், சபை முழுவதிலும் கட்சிகள் எடுத்த வாக்குகளின் விகிதத்தில் பட்டியலிலிருந்து வருபவர்கள். ஆகவே உங்கள் வட்டாரத்தில் தோற்கிற ஆளுக்குப் போட்டாலும் வாக்கு முற்றாக வீண்போகாது. ஆளைப் பார்த்துப் போடுவதா, கட்சியைப் பார்த்துப் போடுவதா என்று வீட்டில் சண்டை வரும். என் அபிப்பிராயம், பிரதேச சபைக்கு ஆளைப் பாருங்கள். வடிகால் அடைத்தால் எந்த வீட்டுப் படலையைத் தட்டுவீர்கள் என்பதுதான் கேள்வி.

9. நீங்களே நிற்க யோசித்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன், நான் நின்றவன் இல்லை. கட்டுப்பணம் கட்சி ஊடாக என்றால் ஒரு வேட்பாளருக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக் குழு என்றால் 5,000. சபையில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கீடு உண்டு, அதனால் மாதர் சங்கத்தில் ஓடியாடி வேலை செய்கிற பெண்களைக் கட்சிகள் கடைசி நேரத்தில் தேடி வரும். பட்டியலை நிரப்ப மட்டும் பெயரைக் கேட்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். 2025இல் பல வேட்புமனுக்கள் பத்திரக் குறைபாட்டால் நிராகரிக்கப்பட்டன. இளையோர் ஒதுக்கீட்டில் நிற்பவர்களின் பிறப்புச் சான்றிதழுக்குப் போட்டோக்கொப்பியை நம்பவேண்டாம், உறுதிப்படுத்திய பிரதியைக் கையில் வைத்திருங்கள். தேர்தல் முடிந்து முடிவு வெளியான 21 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்கவேண்டும். தோற்றவர்களும்தான்.

10. தேர்தல் இல்லாத நாட்களில்

நாலு வருடத்துக்கு ஒரு புள்ளடியோடு ஊர்க்காரர் ஆகிவிடமுடியாது. வந்த முதல் வருடம் எங்களை எல்லாரும் "யாழ்ப்பாணத்தார்" என்றுதான் சொன்னார்கள். கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு மூன்று தடவை போய்ப் பின்வாங்கில் இருந்த பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

எதில் சேருவது என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. வயல் இருந்தால் கமக்காரர் அமைப்பு. குளத்துத் தண்ணீர், விதைப்புத் திகதி, உரம் எல்லாம் அங்கேதான் கதைபடும், சபைக்குப் போய்ப் பயன் இல்லை. கரையோரம் என்றால் கடற்றொழிலாளர் சங்கம். பெண்களுக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். சனசமூக நிலையம் பிரதேச சபையில் பதியப்படுவது, ஆகவே சபையோடு கதைக்க நல்ல வழி அதுதான். சந்தா சின்னத் தொகை, பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். பொதுக்கூட்டத்துக்கு முன்னர் அங்கத்துவம் எடுத்திருந்தால்தான் நிர்வாகத் தெரிவில் கை உயர்த்தலாம்.

போன முதல் கூட்டத்திலேயே குறை சொல்லத் தொடங்கவேண்டாம். இங்கே ஒவ்வொரு வீதிக்கும் ஒவ்வொரு கிணற்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் பாடு இருக்கிறது. கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருங்கள்.

சபைக்கு முறைப்பாடு கொடுப்பதென்றால் எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். "ஏன் எங்கட வீதியைப் போடவில்லை?" என்று கேட்டால் பதில் வழுக்கும். "இந்த வருடம் எங்கள் வட்டாரத்தில் எந்தெந்த வீதிகளுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது?" என்று கேளுங்கள். அதற்கு இலக்கத்தில்தான் பதில் தரமுடியும்.

தெருவிளக்குக்குப் போகிறவர்கள் கம்பத்தில் இலக்கம் இருந்தால் அதை எழுதிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் எந்தச் சந்தியிலிருந்து எத்தனையாவது கம்பம் என்று எழுதுங்கள். நான் முதல் தடவை "கோயிலடி லைற்" என்று எழுதிக் கொடுத்தேன். வந்து வேறு கோயிலடியில் போட்டுவிட்டுப் போனார்கள்.